அரை நாளில் ஒரு தோல் பொருள்: கொழும்பில் எங்கே உட்கார்ந்து செய்வது?

மாமாவின் மகள் தை மாதக் கடைசியில் கனடாவில் இருந்து வருகிறாள். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணம். அதற்கு முன் வியாழன் காலை முதல் சனி இரவு வரை கொழும்பில், வெள்ளவத்தையில் எங்களோடு. போன கிழமை பேசும்போது சேலைக் கதை எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்: "அக்கா, அப்பாவுக்கு மாசியில அறுபது. நானே என்ர கையால லெதர்ல ஏதாவது செய்து குடுக்கோணும். வகுப்புக்குப் போறதா, சப்பாத்துப் பட்டறையில கேக்கிறதா, இல்லாட்டி சாமானை வாங்கிக்கொண்டு வீட்டிலயே இருந்து செய்யிறதா?"

இந்த மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் ஏமாந்தேன், ஒன்றில் நிறையக் கற்றுக்கொண்டேன், ஒன்றை இன்றைக்கும் விடாமல் செய்கிறேன். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இருக்கவில்லை. கொழும்பில் ஒன்றிரண்டு நாள் தங்கிப் போகிற வேறு ஆட்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்பதால் எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்கிறேன். அரை நாள்தான் இருக்கிறது என்றால் வகுப்புக்குப் போங்கள். ஆனால் அட்டை வைக்கிற சின்ன உறை போல ஒன்றை, கடைசித் தையல் வரை உங்கள் கையாலேயே தைக்க விடுகிற வகுப்பா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு இரவு இடைவெளி விட்டு இரண்டு தடவை போய்வர முடியும் என்றால் பட்டறையும் பெல்ட்டும். வீட்டில் இருந்து செய்வது, ஊருக்குத் திரும்பிய பிறகும் இதைத் தொடரப்போகிறவர்களுக்கு மட்டும்.

எங்கே செய்வது என்பதற்கு முன்னால் எதில் செய்வது என்று பார்க்க வேண்டும். தோல் எல்லாம் ஒன்றல்ல. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதைப் பதனிடுவார்கள். அதற்குப் பெரிதாக இரண்டு வழிகள். ஒன்று, மரப்பட்டையின் துவர்ப்புச் சாற்றில் ஊறப்போடுவது. பழைய முறையில் வாரக்கணக்கில், தடித்த தோலுக்கு மாதக்கணக்கில் கூட ஆகும். மற்றது குரோமிய உப்புக் கரைசலில் போடுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த முறை, ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். உலகத்தில் இன்றைக்கு விற்கிற தோலில் பெரும்பகுதி இப்படிப் பதனிட்டதுதான். சப்பாத்தின் மேல்பாகம், கைப்பை, சோபா என்று நாம் தொட்டுப் பழகியதெல்லாம் அனேகமாகக் குரோமியத் தோல். மெத்தென்று இருக்கும், தண்ணீர் பட்டாலும் சுலபமாகக் கறை விடாது.

ஆனால் கைவேலைக்கு வசப்படுவது பட்டையில் பதனிட்ட தோல். விறைப்பாக நிற்கும். கொஞ்சம் ஈரப்படுத்தி எழுத்து அச்சை வைத்துத் தட்டினால் பதிவு அப்படியே தங்கும். ஓரத்தைத் தேய்த்தால் மினுங்கும். வெயில் பட்டும் கை பட்டும் நிறம் வருடா வருடம் ஆழமாகிக்கொண்டே போகும். குரோமியத் தோலின் ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் நார் நாராகத்தான் நிற்கும், மேலே பூச்சு பூசி மூடுவதைத் தவிர வழியில்லை.

பட்டை என்றதும் ஏதோ வெளிநாட்டு மரம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் தோல் பதனிட்டவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தியது ஆவாரம்பட்டை. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று சொல்வோமே, அதே ஆவாரை. திருச்சி, திண்டுக்கல் பக்கம் இப்படிப் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போயிருக்கிறது. இங்கே சிங்களத்தில் அந்தச் செடியின் பெயர் ரணவரா. அம்பாந்தோட்டைப் பக்கம் வறண்ட நிலத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும், பூவைக் காயவைத்துத் தேநீர் போலக் குடிப்பார்கள். எனக்கு இந்தச் செய்தி தெரியவந்த நாளில் இருந்து, பட்டைத் தோலை மூக்கருகில் வைத்து மணந்து பார்க்காமல் வாங்குவதில்லை. ஈரமான மரம் போல, கொஞ்சம் தேயிலை போல ஒரு மணம்.

கண்டுபிடிக்கிற வழி லேசு. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் குரோமியம். சாயம் ஏற்றாத துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டைத் தோல் உடனே உறிஞ்சிக் கறுக்கும். பின்பக்கத்தில் துணி தெரிந்தால் அது ரெக்சின், தோலே கிடையாது. வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் "எந்தத் தோல் தருவீர்கள்?" என்று கேளுங்கள். "நல்ல தோல்" என்று மட்டும் பதில் வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள்.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

நான் முதலில் போனது ஒரு வகுப்புக்குத்தான். ஏசி அறை, பெரிய மேசை, உள்ளே நுழைந்ததும் ஐஸ் கோப்பி. எட்டுப் பேர் இருந்தோம், பாதிப் பேர் சுற்றுலாவுக்கு வந்தவர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பேர்ஸுக்கான துண்டுகள் வெட்டித் தயாராக இருந்தன. நிறத்தைத் தேர்ந்தெடுத்தோம், பெயரின் முதலெழுத்தை அச்சு வைத்து அடித்தோம், பசை பூசி ஒட்டினோம். தைக்கிற கட்டம் வந்ததும் நேரம் போதாது என்று சொல்லி எல்லாருடையதையும் உள்ளே கொண்டுபோய் மெஷினில் தைத்துக்கொண்டு வந்து தந்தார்கள். பேர்ஸ் வடிவாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டரை மணி நேரத்தில் என் கை செய்த வேலை என்று பார்த்தால் பத்து நிமிடம் வராது. வீட்டுக்கு வந்து காட்டியபோது அம்மா "நீயே செய்ததோ?" என்று சந்தோஷமாகக் கேட்டார். ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது இன்றைக்கும் மனதில் இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து மூலையில் ஒரு நூல் அறுந்தது. இரண்டு கிழமைக்குள் அந்தப் பக்கம் முழுவதும் அவிழ்ந்துவிட்டது. மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றை ஒன்று கொளுவிக்கொண்டு நிற்கின்றன. ஒரு இடத்தில் விட்டால் பக்கத்தில் உள்ளதும் இளகும். கைத்தையல் அப்படியில்லை. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் நூல் இரண்டு தடவை போகிறது. ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். குதிரைச் சேணம் தைத்தவர்களிடம் இருந்து வந்த தையல் இது. பாதி வழியில் சேணம் அவிழ்ந்தால் ஆள் விழுந்துவிடுவார், அதனால் அப்படித் தைத்தார்கள்.

இரண்டாவது தடவை வேறு ஒரு இடத்துக்குப் போனேன். நாலே பேர். அங்கேதான் அந்தத் தையலைக் கற்றேன். நூல் ஒன்று, ஊசி இரண்டு, நூலின் ஒவ்வொரு முனையிலும் ஒன்று. தைக்கப்போகிற நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் எடுக்க வேண்டும். ஊசி முனை மழுங்கலாக இருக்கும், ஏனென்றால் ஓட்டை முன்கூட்டியே போட்டாயிற்று. தோலை மரக் கவ்வியில் வைத்துத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, முதல் ஓட்டையில் நூலைக் கோர்த்து இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட வேண்டும். அடுத்த ஓட்டையில் இடதுகை ஊசி போகும், வலதுகை ஊசி அதே ஓட்டை வழியாக எதிர்த் திசையில் வரும், இரண்டு கையையும் விரித்து இழுக்க வேண்டும். மெழுகு பூசிய நூல் தோலை உரசிக்கொண்டு வரும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். எந்த ஊசி முதலில் போவது என்ற ஒழுங்கை நடுவில் மாற்றக்கூடாது. மாற்றினால் அந்த ஒரு தையல் மட்டும் சாய்வு பிசகி நிற்கும். என் உறையில் பதினேழாவது தையல் அப்படித்தான் நிற்கிறது. பிரித்துத் தைக்கலாமா என்று கேட்டேன், பிரிக்கப் பிரிக்க ஓட்டை பெருக்கும் என்றார்கள். விட்டுவிட்டேன்.

மூன்று பக்கமும் தைக்கிற ஒரு சின்ன உறைக்கு, 4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால், அறுபது தையலை ஒட்டி வரும். பழக்கமில்லாத கைக்கு அதற்கு ஒரு மணி நேரம் போதாது. அதனால்தான் சொல்கிறேன், மூன்று மணி நேரத்துக்குள் முழு பேர்ஸும் கைத்தையலில் முடித்துத் தருவோம் என்று யாராவது சொன்னால் ஏதோ ஒரு பகுதியை அவர்கள் செய்து வைத்திருப்பார்கள். அது தப்பில்லை, எந்தப் பகுதி என்று நாம் தெரிந்துகொண்டு போக வேண்டும். என் அளவுகோல் இதுதான்: வெட்டுவது அவர்களாக இருக்கலாம், ஓட்டைக் கோடு போட உதவலாம். தைப்பதும் ஓரம் தேய்ப்பதும் நம் கையாக இருக்க வேண்டும்.

ஓரம் தேய்ப்பதை ஏன் சேர்க்கிறேன் என்றால், ஒரு பொருளைப் பார்த்ததும் நன்றாகச் செய்ததா அவசரத்தில் செய்ததா என்று சொல்லிவிடுவது அதன் ஓரம்தான். கூர்மூலையைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டு, விரலால் கொஞ்சம் தண்ணீர் தடவி, பள்ளம் வெட்டிய ஒரு மரத்துண்டால் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு உரசல் சூட்டில் நார்கள் படியத் தொடங்கும், இரண்டு துண்டுகள் ஒட்டிய கோடு மெல்ல மறையும், ஒரு கட்டத்தில் மரம் தானாக வழுக்கும். அப்போது பார்த்தால் கருங்காலிச் சீப்பின் விளிம்பு போல இருக்கும். கைவலி வரும், பரவாயில்லை.

இப்போது பட்டறை. கொட்டாஞ்சேனைப் பக்கம் இன்னும் கையால் சப்பாத்து, செருப்பு செய்கிற சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. அவை வகுப்பு நடத்துகிற இடங்களல்ல, போர்டும் இருக்காது. நான் பழுதான ஒரு செருப்பைக் கொடுக்கப் போய்ப் பழகிய ஐயா ஒருவர் இருக்கிறார். நாலைந்து தடவை போய்வந்த பிறகுதான், "எனக்கு ஒரு பெல்ட் செய்யப் பழக்குவீங்களா, உங்கட நேரத்துக்குக் காசு தாறன்" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "காலையில முடியாது தங்கச்சி, பின்னேரம் வாங்க" என்றார்.

பெல்ட் பார்க்க லேசான பொருள், ஒரு நீள வார்தானே என்று தோன்றும். அந்த வாரை எங்கே இருந்து வெட்டுவது என்பதிலேயே பாதி வித்தை இருக்கிறது. முதுகுப் பக்கத் தோல் இறுக்கமானது, இழுபடாது. வயிற்றுப் பக்கம் தளர்ந்து நீளும், அதில் பெல்ட் வெட்டினால் ஆறு மாதத்தில் வளைந்துவிடும். ஐயா தோலை விரித்து, இரண்டு விரலால் ஒவ்வொரு இடமாக மடித்துப் பார்த்தார். சுருக்கம் நெருக்கமாக விழுகிற இடத்தில் நிறுத்தி, என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். அப்புறம் தளர்ந்த இடத்தில் வைக்கச் சொன்னார். அந்த வித்தியாசம் படத்தைப் பார்த்தோ எழுதியதைப் படித்தோ விளங்குகிற ஒன்றல்ல.

தடிப்பு மூன்றரை மில்லிமீட்டர், அகலம் ஒன்றரை அங்குலம். ஒரு முனையைப் பக்கிளுக்காக மடிக்க வேண்டும், அந்த இடத்தைப் பின்பக்கத்தில் பாதித் தடிப்புக்குச் செதுக்க வேண்டும். நான் மிகவும் பயந்தது அதற்குத்தான். கத்தியைப் படுக்கவைத்து வெளிப்பக்கமாகத் தள்ளிச் செதுக்குவது. "அவசரப்படாதீங்க, கத்தி தானாப் போகும்" என்றார். உண்மையிலேயே, கத்தி சரியாகத் தீட்டியிருந்தால் அது தானாகத்தான் போகிறது. அதன் பிறகு சாயம். சாயம் பூசினால் ஒரு இரவாவது காய வேண்டும், அதனால்தான் இரண்டு நாள். மறுநாள் எண்ணெய் தடவி, பக்கிள் வைத்துத் தைத்து, ஓட்டை போட்டேன். ஐந்து ஓட்டை, அங்குலத்துக்கு ஒன்று, நம் அளவு நடு ஓட்டையில் விழ வேண்டும். உடம்பு கூடினாலும் குறைந்தாலும் இரண்டு பக்கமும் இடம் இருக்கும்.

காசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோல், பக்கிள், சாயம் எல்லாம் சேர்த்தும் அந்த ஏசி வகுப்புக் கட்டணத்தில் பாதிதான் வந்தது. ஐயா தன் நேரத்துக்கு எதுவும் கேட்கவில்லை, சாமான் காசு மட்டும் போதும் என்றார். நான் வகுப்புக்குக் கொடுத்த அதே தொகையை அவருக்கும் கொடுத்தேன். தோல் வேலை செய்கிறவர்களை நம் சமூகம் எப்படி நடத்தி வந்திருக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். வாசலுக்கு வெளியே நிற்கவைத்துச் செருப்பைக் கொடுத்த வீடுகளில் பிறந்தவர்கள் நாம். அதே வேலையை ஏசி அறையில் வைத்தால் கைவினை என்று சொல்லிப் பணம் கட்டுகிறோம். பட்டறையில் பழகப் போகிறவர் யாராக இருந்தாலும், பேரம் பேசாமல், மணிக்கணக்குப் பார்த்துக் கொடுங்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வேலை நடக்கிற இடம் அது. அவர் ஒரு மணி நேரம் நமக்குத் தந்தால் ஒரு ஜோடி செருப்பு தள்ளிப்போகிறது.

பட்டறையின் பெரிய நன்மை இன்னொன்று, மொழி. வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன, சில இடங்களில் சிங்களமும் கலந்து. கொட்டாஞ்சேனையில் தமிழிலேயே கேள்வி கேட்கலாம், தமிழிலேயே திட்டும் வாங்கலாம். வாய் தயங்காமல் கேட்க முடிந்தால் கை சீக்கிரம் பழகும். குறையையும் சொல்லிவிடுகிறேன். இடம் சின்னது, பசை மணம் தலையைச் சுற்றவைக்கும், கதிரை வசதி கிடையாது, முன்பின் தெரியாமல் நேரே போய்க் கேட்டால் மறுத்துவிடலாம். கொழும்பில் ஒரு சொந்தக்காரரோ கூட்டாளியோ இருந்து முன்னமே பேசி வைத்தால்தான் இது நடக்கும். யாரும் இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

மூன்றாவது வழி, வீட்டில். புறக்கோட்டையில் சப்பாத்துச் சாமான் விற்கிற கடைகளில் நூல், மெழுகு, பக்கிள், ரிவெட், பசை எல்லாம் கிடைக்கும். பட்டைத் தோல் வேண்டுமென்றால் நாலு கடை ஏறி இறங்க வேண்டும், சில கடைகளில் அரைத் தோலாகத்தான் விற்பார்கள். நான் தொடங்கியது ஒரு கத்தி, இரும்பு அடிமட்டம், நாலு பல் உள்ள துளைக் கருவி, இரண்டு ஊசி, மரச் சுத்தியல் ஆகியவற்றோடு. ஓட்டை போடும்போது அடியில் அசையாத கனம் வேண்டும். பல்கனியில் சும்மா கிடந்த அம்மம்மாவின் அம்மிக்கல் அதற்கென்றே செய்தது போல இருந்தது. மேலே ஒரு பலகைத் துண்டு வைத்து அதில் அடிக்கிறேன். தொடர்மாடியில் இரவு எட்டு மணிக்குப் பிறகு மட்டும் தொடக்கூடாது, கீழ்வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஆனால் பயணத்தில் வந்தவருக்கு இது சரிவராது. ஒரு நாள் முழுவதும் கடை தேடுவதிலேயே போய்விடும், முதல் இரண்டு துண்டும் வீணாகும், பக்கத்தில் திருத்த ஆள் இருக்காது. திரும்பிப் போகும்போது கத்தியையும் குத்தூசியையும் கைப்பையில் வைத்தால் கட்டுநாயக்கவில் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டிக்குள்தான் போட வேண்டும்.

எதைச் செய்வது என்பதில் ஆசையைக் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள். கைப்பை வேண்டாம். வங்கி அட்டை 85.6 மில்லிமீட்டர் நீளம், 54 மில்லிமீட்டர் அகலம், உலகம் முழுக்க ஒரே அளவு. அதனால் அட்டை உறை யாருக்குக் கொடுத்தாலும் பொருந்தும். லெமினேட் செய்த அட்டைகள் இதைவிடப் பெரிதாக இருக்கும், அப்படி ஏதும் வைப்பதாக இருந்தால் வகுப்புக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். தோல் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். தடித்த தோலில் செய்தால் நாலு அடுக்குச் சேர்ந்து காற்சட்டைப் பையில் செங்கல் போல நிற்கும். பாஸ்போர்ட் உறை கொஞ்சம் பெரிய வேலை, தையல் தூரமும் கூட. திறப்புக் கோர்வை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், பிள்ளைகளோடு போனால் அதுதான் நல்லது. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் அச்சு அடிக்கிற வேலையை மட்டும் கொடுங்கள், கத்தியைக் கொடுக்க வேண்டாம்.

பெரியவர்களோடு போகிறவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். எங்கள் மாமி ஒருவர் மாட்டுத் தோலைத் தொடமாட்டார். அவருக்கு ஆசைப்பட்டுச் செய்த உறையைக் கொடுக்கும்போதுதான் எனக்கு அது நினைவு வந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை, வாங்கி மேசையில் வைத்தார், அதன் பிறகு அதை எடுக்கவே இல்லை. பிறகு ஆட்டுத் தோலில் ஒன்று செய்து கொடுத்தேன், அது கைப்பைக்குள் போனது. ஆட்டுத் தோல் மெல்லியது, ஆனால் உறுதியானது, சின்ன உறைக்கு நன்றாகவே இருக்கும். முன்பே சொல்லி வைத்தால் ஏற்பாடு செய்து தருகிற வகுப்புகள் உண்டு. கோயிலுக்குக் கொண்டுபோகிற பையில் தோலே வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். பரிசு கொடுக்கப்போகிறவரைப் பற்றி முதலில் விசாரித்துவிடுங்கள். முதலை, மலைப்பாம்புத் தோல் என்று யாராவது காட்டினால் பக்கத்திலும் போக வேண்டாம். அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல்தான்.

நாள் பார்க்கிறதும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் பெரும்பாலான கடைகள் பூட்டு. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். ஒவ்வொரு மாதமும் பௌர்ணமி அன்று போயா விடுமுறை, தையில் பொங்கல் வேறு. வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குக் கரையோர ரயிலில் போய்விடுங்கள். காலி வீதியில் பஸ்ஸில் நிற்கிற நேரத்தில் பாதி உறை தைத்துவிடலாம். கடல் பக்கம் உட்கார்ந்தால் காற்றும் இலவசம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. புதிதாகச் செய்த பட்டைத் தோலில் மழைத்துளி விழுந்தால் கறுப்புப் புள்ளியாக நின்றுவிடும், வகுப்பு முடிந்து வெளியே வரும்போது துணியில் சுற்றிப் பைக்குள் வையுங்கள்.

அதன் பிறகும் கொழும்புக் காற்றை நம்பக்கூடாது. ஈரப்பதம் கூடிய ஊர். அலுமாரிக்குள் மூடி வைத்த தோலில் ஒரு மாதத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீனில் சுற்றாமல் பருத்தித் துணிப் பையில் வையுங்கள், கையில் வைத்துப் புழங்குங்கள். பூஞ்சணம் வந்தால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் நமக்கு உண்டு, நிறம் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும். தேன்மெழுகு கலந்த பூச்சு கொஞ்சமாகப் போதும். கனடாவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். அங்கே குளிர்கால ஹீட்டரில் தோல் உலர்ந்துபோகும், வருடத்துக்கு ஒரு தடவை பூச வேண்டும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் மாமாவின் மகளுக்கு எது? மாமா பேர்ஸ் வைத்துக்கொள்வதில்லை, அட்டைகளைப் போனின் பின்னால் செருகி வைத்திருக்கிறார். ஆனால் பெல்ட் இல்லாமல் ஒரு நாளும் வெளியே போனதில்லை. அவளுக்கு இரண்டு பின்னேரமாவது கிடைக்கும், கொழும்பில் நான் இருக்கிறேன், ஐயாவைத் தெரியும். அதனால் பட்டறை. வியாழன் காலை விமானத்தில் இருந்து இறங்குகிறவளின் கையில் அன்றைக்கே கத்தியைக் கொடுக்கமாட்டேன், தூங்கட்டும். வெள்ளி பின்னேரம் வெட்டி, செதுக்கி, சாயம் பூசுவது. சனி பின்னேரம் ஐயா கொஞ்சம் முந்தி வரச் சொல்லியிருக்கிறார், பக்கிளும் தையலும் ஓட்டையும். இரவு வெள்ளவத்தையில் இருந்து யாழ்ப்பாண பஸ். அவளுக்கு மூன்று மணி நேரம்தான் இருந்திருந்தால், அந்த நாலு பேர் வகுப்பில் இடம் பிடித்து, தங்கைக்காவது ஒரு அட்டை உறை செய்யச் சொல்லியிருப்பேன்.

ஒரு வேலை மட்டும் அவள் கனடாவில் இருந்தே முடிக்க வேண்டியிருந்தது. மாமாவின் பழைய பெல்ட்டை அவருக்குத் தெரியாமல் எடுத்து, பக்கிள் மடிப்பில் இருந்து அவர் போடுகிற ஓட்டை வரை அளந்து அனுப்பச் சொன்னேன். முழு நீளம் வேண்டாம், அந்த அளவுதான் வேண்டும். நேற்று இரவு வந்தது: 38 அங்குலம். கூடவே ஒரு படம். மூன்றாவது ஓட்டை இழுபட்டு முட்டை போல நீண்டிருக்கிறது, நாலாவதைச் சுற்றி இப்போதுதான் ஒரு வட்டம் விழத் தொடங்கியிருக்கிறது. அதை ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்ப நடு ஓட்டையை 38 இல வைக்காம 39 இல வைப்பம்" என்றார்.